ஈரத் துணி போட்ட காயில்

பயிற்சி முடித்து வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ் பெண்கள் இருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய சங்கத்து மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். என் பணிக்காலத்தில் மறக்க முடியாத பிரசவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சரி என்று உட்கார்ந்தேன். பிரசவம் நினைவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஜீப் வந்து நிற்கிறது. அதன் பானட்டைத் திறந்தால் பால் டப்பா அளவில் ஒரு கறுப்பு உருளை. அதன் மேல் என் மகளின் இடுப்புத் துணி, நனைத்துப் பிழிந்து சுற்றியபடி.

இதற்கு ஒரு வகையில் என் மாப்பிள்ளைதான் காரணம். அவருடைய கார் எங்கள் வாசலில் அசையாமல் நிற்கிறது. எஞ்சினுக்கு எப்போது பொறி கொடுப்பது, எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று தீர்மானிக்கிற மின்னணுப் பெட்டி ஒன்று அதில் இருக்கிறதாம். அது வயதாகிக் கெட்டுவிட்டது. கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது. வேறு யாரோ செய்து விற்கிற புதுப் பெட்டி கிடைக்கிறது. வாங்கலாமா, கூடாதா என்று மாப்பிள்ளை யோசிக்கிறார். அவருடைய நண்பர்கள் தொலைபேசியில் யோசிக்கிறார்கள். இதற்கிடையில் ஒரு பூனை காருக்கு அடியில் குட்டி போட்டு, குட்டிகள் கண்ணும் திறந்துவிட்டன.

நான் வேலைக்கு வந்த கதை பெரிதில்லை. பள்ளி இறுதி வகுப்பு, கடலூரில் பயிற்சி, வெள்ளைச் சேலை, கல்யாணம், பெண் குழந்தை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் வாடகைக்குக் குடியிருந்தோம். கணவர் பள்ளி ஆசிரியர். குழந்தையைப் பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்காவிடம் விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவேன். எந்த ஊர் நிலையம் என்று சொல்லப் போவதில்லை. எங்கள் டாக்டரின் பிள்ளைகள் இப்போது நல்ல நிலையில் இருக்கிறார்கள்.

பயிற்சியில் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்; பயப்படாமல் இருப்பதை மட்டும் சொல்லித் தரவில்லை. பால் புட்டியைக் கொதிக்க வைத்துவிட்டு, கொதித்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி கொதிக்க வைப்பேன். பஸ் ஏறிய பிறகு, குழந்தைக்குத் துணி போதுமான அளவு எடுத்து வைத்தேனா என்று யோசித்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பியும் இருக்கிறேன். இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் அந்த ஜீப் வந்து மாட்டியது.

வெளிநாட்டு உதவியில் வந்த ஜீப். வந்தபோது மாலை போட்டு வரவேற்றார்களாம். நான் சேர்ந்தபோது மாலைக்குப் பதில் ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தார்கள். பேட்டரியிலிருந்து வரும் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கி எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற காயில் என்ற சாமான் அதில் கிழடாகிவிட்டது. காலையில் நன்றாக இருக்கும். வெயில் ஏறினால் சூடாகும். சூடானால் பொறி போகும். பொறி போனால் வண்டி நிற்கும். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது மணி அடித்துவிட்டுப் போவார்கள்.

அப்போது செய்ய வேண்டியதற்கு ஒரு முறை இருந்தது. டிரைவர் அந்தோணி அண்ணன் பானட்டைத் தூக்கிக் கம்பியால் நிறுத்துவார். நான் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து கொடுக்க வேண்டும். தண்ணீர் பக்கத்தில் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் ஒயர் மூடியில் சொட்டினால் உள்ள பொறியும் போய்விடும். காயிலின் வயிற்றைச் சுற்றித்தான் துணி போட வேண்டும். ஒயர்கள் சேரும் தலையில் படக்கூடாது. துணி சுட்டதும் எடுத்து மறுபடி நனைக்க வேண்டும். கையை வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வண்டி கிளம்பும். காய்ச்சல்காரக் குழந்தைக்கு நெற்றியில் ஈரத்துணிப் பத்துப் போடப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததும் கிட்டத்தட்ட இதேதான். அதனால் எனக்குக் கை பழகியிருந்தது.

எந்தத் துணியும் இதற்குச் சரிப்படவில்லை. ஆஸ்பத்திரித் துணி கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும், தண்ணீர் குடிக்காது. வெளுத்து வெளுத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணிதான் தண்ணீரைப் பிடித்து வைத்தது. அது என் வீட்டில் நிறைய இருந்தது, குழந்தையின் இடுப்புக்காக. நான் பையில் போட்டுக் கொண்டுபோவதைப் பார்த்த ஆரோக்கியம் அக்கா, "ஏம்மா, இங்க ஒரு கொழந்தைக்கே காயப் போட எடமில்ல. சர்க்கார் கொழந்தைக்கும் நீதான் துணி குடுக்கணுமா?" என்றார்.

புதுக் காயில் போட்டால் தீர்ந்தது. செஞ்சி பஜாரில் காசிம் பாய் கடையில் கிடைத்தது. வெளிநாட்டுச் சாமான் அல்ல. நம் நாட்டில் யாரோ செய்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

எங்கள் டாக்டர் கெட்டவர் அல்ல. வாசலில் நடந்து வருகிறவரின் நடையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். ஆனால் முடிவெடுக்க வேண்டிய விஷயம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். துடைப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதற்குள் கேட்டவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவரிடம், "செஞ்சிடலாம். ஆனா ஆகாம போச்சுன்னா?" என்பார். எனக்கும் அதையே கேட்டார். பஜார் காயில் போட்டு, வோல்ட் மாறி, வண்டி பற்றி எரிந்தால்? கொடுத்தவர்கள் ஒரிஜினல் எங்கே என்று கேட்டால்?

அவருடைய சொந்தக் காரில் ஹாரன் முதல் டைனமோ வரை காசிம் பாய் கடைச் சாமான்தான். அதையும் பயந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன்.

"அது சொந்த வண்டி சிஸ்டர்" என்றார் டாக்டர். "நின்னா என்னை நான்தானே கேக்கணும்."

முறைப்படி சென்னை டிப்போவுக்கு எழுதினார். பதில் வந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் காயில் மாற்ற வேண்டியதில்லை. ஓடவில்லை என்றால் வண்டியை டிப்போவுக்கு ஓட்டி வரவும். டாக்டர் இதைப் படித்துக் காட்டிவிட்டு, தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

அந்தோணி அண்ணனும் என் பக்கம் இல்லை. ஸ்டீயரிங்குக்கு மேலே சிலுவை ஒட்டி வைத்திருப்பவர். வண்டி நின்றால் முதலில் சிலுவையைப் பார்ப்பார், அப்புறம் என் பையைப் பார்ப்பார். புதுச் சாமான் என்றாலே அவருக்கு முகம் சுருங்கும்.

நான் என்ன செய்தேன் என்றால், காசிம் பாய் கடைக்குப் போய் ஒரு காயில் வாங்கிவிட்டேன். ஜீப்புக்கு வேண்டிய ஆறு வோல்ட்தானா என்று கேட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்து, திரும்பி வந்து மறுபடி கேட்டேன். மூடிக்கு இரண்டு வோல்ட் என்றார்கள்; மறுநாள் ஜீப்பின் பேட்டரிக்கு எத்தனை மூடி என்று பார்த்துக்கொண்டு வந்து இன்னொரு முறை கேட்டேன். "நர்சம்மா, காயிலுக்குக் காது குத்தப் போறீங்களா? இத்தினி வாட்டி வந்து பாத்துட்டுப் போறீங்க" என்றார் பாய்.

வாங்கியதைப் போடச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் தைரியம் வரவில்லை. குழந்தையின் துணியில் சுற்றிப் பிரசவப் பைக்குள் வைத்துக்கொண்டேன். போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள் டாக்டர் கடலூருக்கு மீட்டிங் போயிருந்தார். மேல்சித்தாமூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து ஆள் வந்தது. பச்சையம்மாள் என்ற பெண்ணுக்கு வலி எடுத்து வெகுநேரமாகியும் பிறக்கவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது பகல் ஏறிவிட்டது. பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்திருந்தது.

இந்த நிலையில் அந்தக் கையை இழுக்கக் கூடாது, உள்ளே தள்ளவும் கூடாது. அறுவை செய்யும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அவ்வளவுதான் பாடத்தில் இருந்தது. எதில் கொண்டுபோவது என்று பாடத்தில் இல்லை. கையைச் சுத்தத் துணியால் மூடினேன். மூடும்போது என் விரல் அந்த உள்ளங்கையில் பட்டது. கை என் விரலைப் பிடித்துக்கொண்டது. நீலம் பாரித்து வீங்கியிருந்த கை, நன்றாகப் பிடித்தது.

பச்சையம்மாளை ஜீப்பின் பின்னால் பாய் போட்டு, இடுப்பு உயர்ந்திருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அவளுடைய அம்மா தலையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் காலடியில் உட்கார்ந்தேன். திண்டிவனத்துக்குப் போக வேண்டும்.

தார் ரோட்டுக்கு வருவதற்குள் வண்டி நின்றது. இரு பக்கமும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை. நிழல் என்று சொல்ல ஒரு பனைமரம். அதன் நிழலும் மரத்துக்கே போதவில்லை. துணியை நனைத்தேன், பிழிந்தேன், சுற்றினோம். வண்டி கிளம்பியது, கொஞ்ச தூரம் போனது, நின்றது. மறுபடி நனைத்தோம். இந்தத் தடவை அதைவிடக் குறைந்த தூரம். குடத்துத் தண்ணீர் தீர்ந்தது. பச்சையம்மாளின் வாயை நனைக்க வைத்திருந்த செம்புத் தண்ணீர் மட்டும் மிச்சம். அந்தோணி அண்ணன் அந்தச் செம்பைப் பார்த்தார். நான் அதைப் புடவைத் தலைப்பால் மூடினேன்.

என் குழந்தைக்குப் பால் கொடுக்கும் வேளை தாண்டியிருந்தது. ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. வீட்டில் என்ன செய்கிறாளோ என்று ஒரு மனம் செஞ்சிக்கு ஓடியது. இன்னொரு மனம் அந்தக் கையிடம் இருந்தது. துணிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பிடித்தது. ஆனால் முன்பு போல இல்லை.

பையைத் திறந்து காயிலை எடுத்தேன்.

அந்தோணி அண்ணன், ஏதோ திருட்டு நகையைக் காட்டியது போல ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். "இது இன்னா நர்சம்மா? டாக்டர் சொல்லாம இதைப் போட்டுட்டு, நாளைக்கி இது நின்னுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"இப்ப நின்னுக்கிட்டிருக்கே அண்ணே, இதுக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "இது பழசு. தானா நிக்கிது" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு எங்கள் நிலையத்தின் நிர்வாகம் முழுவதும் புரிந்துவிட்டது. பழையது நின்றால் அது விதி. அதற்குப் பெயர் கிடையாது. புதியது நின்றால் போட்டவன் பெயர் கேட்பார்கள். பச்சையம்மாள் செத்துப்போனால் விதியின் கணக்கில் செத்துப்போகலாம். என் கணக்கிலோ அந்தோணி அண்ணன் கணக்கிலோ சாகக் கூடாது. இதைச் சிரித்துக்கொண்டே இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கும் அதே பயம்தான். இல்லாவிட்டால் முதல் தடவை நின்றபோதே பையைத் திறந்திருப்பேனே.

பச்சையம்மாளின் அம்மா உள்ளே இருந்தபடியே பேசினார். சத்தம் போடவில்லை. "புதுசு கையில வச்சிக்கினு பழசக் குளிப்பாட்டிக்கினு இருக்கீங்களே நைனா. அது இன்னா உங்களுக்குக் கொலதெய்வமா?"

அந்தோணி அண்ணன் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். "நர்சம்மா போடச் சொன்னாங்கன்னு சொல்லுவேன்" என்றார். சொல்லுங்கள் என்றேன். பழைய காயிலைப் பிடித்திருந்த பட்டை துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, கழலவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, பேட்டரிக்குப் பின்னால் இருந்த இடுக்கில் புதிதை வைத்து, என் பையிலிருந்த பேண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டினோம். எலும்பு முறிவுக்குக் கட்டும் கட்டுதான். இரண்டு சின்ன ஒயர், ஒரு தடித்த ஒயர். மாற்றினார். சிலுவையைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினார்.

வண்டி தார் ரோட்டில் ஏறி வல்லம் ஊரைத் தாண்டியது. எரியவில்லை. திண்டிவனம் வரைக்கும் எரியவில்லை. எரியுமா எரியுமா என்று மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் என் விரல் அந்தத் துணிக்குள்தான் இருந்தது.

அறுவை நடந்தது. தாய் பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது, பெண். ஒரு கை மட்டும் வேறு யாருடையதோ போல வீங்கியிருந்தது. சில நாளில் வற்றிவிட்டது.

மறுநாள் யாரும் கேட்பதற்கு முன்பே அந்தோணி அண்ணன் டாக்டரிடம் போய், நர்சம்மாதான் போடச் சொன்னாங்க என்று சொல்லிவிட்டார். சொல்வேன் என்றவர் சொல்லிவிட்டார். அதில் குறை சொல்ல முடியாது. டாக்டர் என்னை அழைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வண்டி எரிஞ்சிருந்தா சிஸ்டர்?"

"எரியலை சார்."

"எரிஞ்சிருந்தா?"

எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் இரவெல்லாம் யோசித்திருந்தேன். நான் வெளியே போகும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது போலக் கேட்டார், அந்தப் பொம்பளை என்ன ஆனாள் என்று. பிழைத்துவிட்டாள் என்றேன். நல்லது, அது வேற விஷயம் என்றார். ஒரிஜினல் காயில் அதன் இடத்தில் இருக்க வேண்டும், டிப்போவிலிருந்து யாராவது வந்து பானட்டைத் திறந்தால் அதுதான் கண்ணில் பட வேண்டும் என்று அந்தோணி அண்ணனுக்கு உத்தரவு போட்டார்.

அடுத்த நாள் வெயிலில் கிராமத்துக்குப் போனபோது வண்டி நிற்கவில்லை. ஆனாலும் ஒரு புளியமரத்தடியில் அந்தோணி அண்ணன் தானாகவே நிறுத்தி, பானட்டைத் தூக்கினார். பழைய காயில் பழைய இடத்தில் இருந்தது, ஒயர்கள் செருகியிருந்தன. புதிதைக் கழற்றிவிட்டார் என்று நினைத்தேன். துணியை நனைத்துக்கொண்டு போய்ச் சுற்றினேன். கை பட்டது. காயில் சில்லென்று இருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்தார். குனிந்து பார்த்தபோது தெரிந்தது: அதில் செருகியிருந்தவை எங்கேயும் போகாத துண்டு ஒயர்கள். பேட்டரிக்குப் பின்னால் என் பேண்டேஜ் கட்டு அப்படியே இருந்தது.

"எடத்துல இருக்கணும்னாரு. இருக்குது" என்றார். "நீங்க துணியை மட்டும் நிறுத்திடாதீங்க நர்சம்மா. துணி இல்லேன்னா டாக்டர் ஏன்னு கேப்பாரு."

அதற்குப் பிறகு அந்த ஜீப் ஓடிய காலம் முழுவதும், உயிர் இல்லாத காயிலுக்கு நான் ஈரத் துணி போட்டேன். நினைத்துப் பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை. டாக்டர் வண்டியில் இருந்தால் இன்னும் பயபக்தியோடு போடுவேன். அவர் முன் சீட்டில் இருந்தபடி, "பாத்தீங்களா சிஸ்டர், பொறுமையா பராமரிச்சா ஒரிஜினல் ஒரிஜினல்தான்" என்பார். வண்டி நிற்பதே இல்லை என்பதை அவர் மீட்டிங்குகளில் சொன்னாராம். மற்ற நிலையங்களிலும் ஈரத் துணி முறையைக் கையாளும்படி சொல்லப்பட்டதாகவும் கேள்விப்பட்டேன். அங்கெல்லாம் எத்தனை குழந்தைகள் துணியில்லாமல் கிடந்தனவோ.

பஜார் காயில் சாகவே சாகாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் செத்தது. டிப்போ அதிகாரி ஒருவர் பார்வையிட வந்து, அவரும் டாக்டரும் முன்னால் உட்கார்ந்திருக்க, நான் பின்னால். செஞ்சி பஜாரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டி ஒரு செருமல் செருமிவிட்டு நின்றது. நான் எத்தனையோ முறை பயந்து பார்த்து வைத்திருந்த காட்சி.

அந்தோணி அண்ணன் நிதானமாக இறங்கி பானட்டைத் தூக்கினார். முன் கண்ணாடியை அது முழுவதும் மறைத்தது. "தண்ணி வேணும் நர்சம்மா" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. நான் செம்பும் துணியுமாக இறங்கி நேராகக் காசிம் பாய் கடைக்குப் போனேன். பாய் என் முகத்தைப் பார்த்ததுமே, ஆறு வோல்ட்தான் அம்மா, ஆறேதான் என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். துணியில் சுற்றி, செம்பில் தண்ணீரும் வாங்கிக்கொண்டு வந்தேன். பானட்டுக்குப் பின்னால் அந்தோணி அண்ணன் பழைய கட்டைப் பிரித்தார், நான் புதிதைக் கட்டினேன். முன் சீட்டில் டாக்டர், ஒரிஜினல் பாகங்களின் குணத்தை அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. பஜார் சாமானாக இருந்தால் இந்நேரம் நடுரோட்டில் கிடந்திருப்போம் என்றார்.

கடைசியில், மறக்காமல், பழைய காயிலுக்கு ஈரத் துணி போட்டேன். வண்டி கிளம்பியது. அதிகாரி எட்டிப் பார்த்து, இதுபோலப் பராமரிக்கப்படும் வண்டியை இந்தப் பக்கத்தில் தாம் பார்த்ததில்லை என்று பாராட்டினார்.

புதிய சாமானைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதுவும் சாகும். ஆனால் அது செத்தால் இன்னொன்று பஜாரில் கிடைக்கும். பழையது செத்தால் கடிதம்தான் கிடைக்கும்.

டாக்டருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று பல நாள் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நடையைப் பார்த்து நோய் சொல்கிறவருக்கு, ஓட்டத்தைப் பார்த்து வண்டி தெரியாதா? தெரிந்திருந்தால் கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதனால் தெரியாமல் இருந்திருக்கலாம்.

இதை இந்த இடம் வரை எழுதிவிட்டு, எழுந்து வாசலுக்குப் போனேன். மாப்பிள்ளை காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். என் மகள் பூனைக்குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தத் துணிகளுக்கெல்லாம் சொந்தக்காரி. அவளுக்கே இப்போது நரை விழுந்துவிட்டது. வெளியில் கிடைக்கிற பெட்டியை வாங்கிப் போட்டுவிடலாமே மாப்பிள்ளை என்றேன்.

"போட்டுடலாம் அத்தை. நாளைக்கு அது நடுவழியில நின்னுட்டா யார் பொறுப்பு?"

"இப்ப நிக்கிறதுக்கு யாரு பொறுப்பு?"

மாப்பிள்ளை எஞ்சினியர். நிஜமாகவே யோசித்தார்.

"இது பழசாச்சே அத்தை. அதுவா நின்னுடுச்சு" என்றார்.

நான் உள்ளே போய், பழைய வேட்டித் துணி ஒன்றைத் தேடி எடுத்து, நனைத்து, சொட்டாமல் பிழிந்து கொண்டுவந்து, அவர் கையில் கொடுத்தேன்.